கரியாவின் தோல் பட்டை

நீலசந்திரா
9.2.2025

அசோகனுக்கு,

அண்ணா என்று எழுதக் கை வரவில்லை, அதனால் பேரையே எழுதுகிறேன். ஜெயிலிலிருந்து நீ போட்ட மூன்று போனையும் வேண்டுமென்றேதான் எடுக்கவில்லை. மனு போட்டு, வரிசையில் நின்று, உன் முகத்தைப் பார்க்கவும் எனக்கு இஷ்டமில்லை. வேலை இருப்பதால் எழுதுகிறேன்.

வேலை, உன் நாய். கண்காணிப்பு என்று மாநகராட்சிக்காரர்கள் கொண்டுபோன கரியாவுக்கு வெறிநோய் இல்லையாம். மூன்று வாரம் வைத்திருந்து, ஃபேக்டரியிலிருந்து என்னை வரவழைத்துத் தலையில் கட்டிவிட்டார்கள். கேஸ் முடியும்வரை விற்கக் கூடாது, யாருக்கும் கொடுக்கக் கூடாது, டாக்டர் சான்று இல்லாமல் எதுவும் செய்யக் கூடாது என்று கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்கள். பொம்மசந்திராவில் இருந்த என் ரூமைக் காலி செய்துவிட்டு நீ இருந்த இந்த மாடி வீட்டுக்கு வந்துவிட்டேன். இந்த நாயோடு வந்தால் எவன் ரூம் கொடுப்பான்?

ஜனவரி ஐந்து, ஞாயிற்றுக்கிழமை நடந்ததாக எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். நம் தங்கை ரக்ஷிதாவைப் பெண் கேட்டு நாகேஷ் ஒரு பை ஆப்பிளோடு மாடியேறி வந்தான். கரியா தட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. அந்நிய ஆளைப் பார்த்ததும் பாய்ந்து அவன் வலது கையைக் கவ்விவிட்டது. நீ இழுத்தும் விடவில்லை. இது நீ போலீஸில் சொன்னது. நீ ஏவிவிட்டாய் என்பது ரக்ஷிதா சொன்னது. ஏவிவிட்டது என்றால் வருஷக்கணக்கில் உள்ளே. தானாகப் பாய்ந்தது என்றால் கவனக்குறைவு, சீக்கிரம் வெளியே வந்துவிடலாம் என்கிறார் உன் வக்கீல் தேசிகன். நான் உன் பேச்சை நம்பினேன். நம்பியதால்தான் இந்த நாயைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வருகிறது. நாகேஷ் சிவாஜிநகரில் கட்டிங் மாஸ்டர். அது கத்திரிக்கோல் பிடிக்கிற கை. ரக்ஷிதா இப்போது அவன் வீட்டில் இருக்கிறாள். என் போனை எடுப்பதில்லை.

இனி நாய். இது நாயே இல்லை, கால் முளைத்த பீரோ. நான் எங்கே போனாலும் பின்னால் வருகிறது. கக்கூஸுக்குப் போனாலும் வெளியே உட்கார்ந்திருக்கிறது. மற்ற நேரமெல்லாம் கதவையே பார்க்கிறது. தட்டை வைத்தால் எச்சில் ஒழுக என் முகத்தைப் பார்க்கிறதே தவிர வாய் வைப்பதில்லை. கீழ் வீட்டுக் காந்தா அக்கா வந்து கன்னடத்தில் ஏதோ சொன்னால்தான் தின்கிறது. இதற்காக வேளைக்கு வேளை அவங்களைக் கூப்பிட முடியுமா? யூடியூபில் பார்த்தேன். ஒருவன் கொஞ்சுகிறான், ஒருவன் பயமுறுத்துகிறான். எனக்கு இரண்டும் வேண்டாம். எந்தச் சொல்லுக்கு எது செய்யும், எது செய்யாது, அதை மட்டும் எழுதி அனுப்பு. பாசமெல்லாம் எழுத வேண்டாம்.

நரேஷ்

பரப்பன அக்ரஹாரம்
17.2.2025

தம்பி நரேஷுக்கு அண்ணன் எழுதுவது.

நீ பேர் சொல்லிக் கூப்பிட்டாலும் நான் உனக்கு அண்ணன்தான், அதை எந்தக் கோர்ட்டும் மாற்ற முடியாது. முதலில் ஒன்று. இங்கே வருகிற கடுதாசியும் போகிற கடுதாசியும் படித்துவிட்டுத்தான் கொடுப்பார்கள். தமிழ் தெரிந்த வார்டர் ஒருத்தர் இருக்கிறார், அவர் வேலை அது. மனதில் வைத்துக்கொண்டு எழுது.

கரியாவுக்குத் தமிழ் பழக்கவில்லை. நான் வேலை பார்த்த செக்யூரிட்டி ஏஜென்சியில் பழக்கினவர் துமகூர்க்காரர். உட்கார 'கூத்கோ', படுக்க 'மல்கோ', வர 'பா'. தட்டை வைத்துவிட்டு 'தின்னு' என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் செத்தாலும் வாய் வைக்காது. எதையும் ஒரு தடவைதான் சொல்ல வேண்டும். ரெண்டாம் தடவை சொன்னால் உன்னை மதிக்காது. உனக்கு அந்தப் பழக்கம் உண்டு, கத்துவாய். கத்தாதே.

தொண்டைக்குள்ளே ஆட்டோ ஆஃப் ஆகாமல் நிற்கிற மாதிரி ஒரு சத்தம் போடும். உறுமல் என்று பயந்துவிடாதே, அது சந்தோஷம். நிஜக் கோபம் வந்தால் சத்தமே வராது, அசையாமல் நின்றுவிடும். சில நேரம் வந்து மொத்த எடையையும் உன் கால் மேல் சாய்க்கும். தள்ளாதே. சாய்ந்தால் உன்னை வீட்டு ஆளாகச் சேர்த்துக்கொண்டது என்று அர்த்தம். இந்த ஜாதி அந்தக் காலத்தில் மாடு ஓட்டினதாம், கறிக்கடைக்காரன் வண்டி இழுத்ததாம். வேலை கொடுக்காமல் வைத்தால் மனசு விட்டுப்போகும். காலையில் ஒரு மணி நேரம் நடத்து. வாரத்துக்கு ஒரு நாள் சிவாஜிநகரில் நெஞ்செலும்பு வாங்கிப் போடு.

அரிசி டிரம்முக்குப் பின்னால் பழைய தோல் பட்டை ஒன்று கிடக்கும், நெஞ்சைச் சுற்றிக் கட்டுவது. இத்துப்போனது. கொக்கி உரசிப் புண் வந்துவிடும். அதைக் குப்பை வண்டியில் போட்டுவிடு. சங்கிலி போதும்.

அப்பா போனபோது உனக்குப் பதினொன்று, அவளுக்கு ஏழு. உன் டிப்ளமோவின் கடைசி வருஷமும் அவள் நர்சிங்கும் இந்த நாயைப் பிடித்துக்கொண்டு குடோன் வாசலில் நான் நின்றதில் வந்தது. ஏஜென்சி நாய்ப் பிரிவை மூடினபோது எல்லாரும் கைவிட்டார்கள், நான் இதைக் கூட்டிவந்தேன். பாசம் எழுதாதே என்றாய். இது பாசம் இல்லை, நடந்தது.

அசோகன்

நீலசந்திரா
2.3.2025

அசோகனுக்கு,

'தின்னு' என்றேன். பத்து நொடியில் தட்டு காலி. வேலை செய்கிற எதையும் நான் மதிப்பேன், அதனால் உன் குறிப்புக்கு நன்றி.

அந்தத் தொண்டைச் சத்தத்தை நீ முன்கூட்டியே எழுதாமல் இருந்திருந்தால் போன செவ்வாய்க்கிழமை நான் ஜன்னல் வழியாகக் குதித்திருப்பேன். அடுப்படியில் முட்டை உடைத்துக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து அந்தச் சத்தம். அப்புறம் என் முழங்கால் மேல் மூட்டை சரிந்த மாதிரி ஒரு கனம். என்னைச் சேர்த்துக்கொண்டதாம். நான் அதைச் சேர்த்துக்கொள்ளவில்லை. ஆனால் முட்டை தீயும்வரை நகரவும் இல்லை.

எடை நாற்பத்தாறு கிலோ. அரிசிக் கடைத் தராசில் அதைத் தூக்கிக்கொண்டு நான் ஏறி, என் எடையைக் கழித்தேன். கடைக்காரர், "சார், இதுக்கு நீங்க கல்யாணமே பண்ணிக்கலாம்" என்றார்.

நாய் வாடை அடிக்கிறது என்று காந்தா அக்கா வீட்டுக்காரர் சண்டைக்கு வந்தார். நானும் குரலை உயர்த்தினேன். கரியா எழுந்து வந்தது. பல்லைக் காட்டவில்லை, குரைக்கவில்லை. எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் குறுக்காக நின்று, இடுப்பால் அவரை ஒரு தள்ளு, என்னை ஒரு தள்ளு. சிக்னலில் நிற்கிற டிராஃபிக் போலீஸ் மாதிரி. அவர் சிரித்துவிட்டார். சண்டை முடிந்தது.

ஊசி போட ரிச்சர்ட்ஸ் டவுனுக்குக் கூட்டிப்போனேன். ஆறு ஆட்டோ நிற்காமல் போனது. டாக்டர் சாந்தகுமாரி வாயைத் திறந்து பார்த்தார், காதைப் பிடித்து இழுத்தார், வாலைத் தூக்கினார். எல்லாவற்றுக்கும் நின்றது. "இத வளர்த்தவர் ரொம்ப நல்லா வளர்த்திருக்காருப்பா" என்றார்.

தேசிகன் எனக்குப் போன் செய்தார். நாய் மூர்க்கமானது, யார் சொல்லுக்கும் அடங்காதது என்று டாக்டரிடம் எழுதி வாங்கிக் கொடுக்க முடியுமா என்று கேட்டார். இது உனக்குத் தெரியுமா?

இன்னொன்று. சொல்லாமல் சோற்றில் வாய் வைக்காத நாய், சொல்லாமல் மனுஷன் கையில் எப்படி வாய் வைத்தது? சந்தேகமாகக் கேட்கவில்லை. இரண்டு அளவு ஒன்றோடொன்று ஒத்துப்போகாவிட்டால் திரும்ப அளப்பது என் தொழில், அதனால் கேட்கிறேன்.

நரேஷ்

பரப்பன அக்ரஹாரம்
12.3.2025

தம்பி,

தேசிகன் சார் என்னைக் கேட்டுத்தான் பேசினார். அவர் சொல்கிறபடி செய்.

நானும் இங்கே யோசித்துப் பார்த்தேன். கரியாவுக்கு ஏழு வயசு ஆகிவிட்டது. இந்த ஜாதிக்கு அது கிழடு. கிழடானால் கிறுக்குப் பிடிக்கும், ஒரு நாள் பசு மாதிரி இருக்கும், ஒரு நாள் எமன் மாதிரி இருக்கும். மனுஷ ரத்தம் பட்ட வாய் மறுபடி கேட்கும். நாளைக்குக் காந்தா பேரனைக் கடித்தால் உன் கையெழுத்துத்தானே அந்தத் தாளில் இருக்கிறது? டாக்டரம்மாவிடம் பக்குவமாகப் பேசி, அடங்காத நாய் என்று எழுதி வாங்கி, அப்படியே ஒரு ஊசி போட்டு முடித்துவிடு. வலி இருக்காது. நான் பார்த்திருக்கிறேன், தூங்குகிற மாதிரிதான் போகும். போகும்போது காதுக்குப் பின்னால் சொறிந்துகொண்டே இரு.

நாய் போனால் கேஸில் பாதி போனது. நான் வெளியே வருகிறேன். ரக்ஷிதா விஷயத்தை அப்புறம் நிதானமாகப் பேசிக்கொள்ளலாம். அண்ணன் வேண்டுமா, நாய் வேண்டுமா என்று யோசித்துக்கொள்.

பட்டையைப் போட்டாயா? குப்பை வண்டிக்காரன் எடுக்காவிட்டால் மொட்டைமாடியில் வைத்துக் கொளுத்திவிடு. அதன் நாற்றம் எனக்கு எப்போதும் ஆகாது.

அசோகன்

நீலசந்திரா
30.3.2025

அசோகனுக்கு,

நீ சொன்னபடியே கிளம்பினேன். அண்ணனா நாயா என்றால் அண்ணன்தான் என்று முடிவு செய்து, டாக்டரிடம் நேரமும் வாங்கி, இன்று காலை லீவு நாளில் கிளம்பினேன். அந்த அளவுக்கு உன் தம்பியாகத்தான் இருந்தேன். இது உனக்குத் தெரிய வேண்டும்.

சங்கிலியின் கொக்கி உடைந்துவிட்டது. வேறு கயிறு இல்லை. அரிசி டிரம்மை நகர்த்தினேன். பட்டை இருந்தது. முதல் கடிதத்திலேயே போடச் சொன்னாய், நான் சோம்பேறித்தனமாக விட்டுவிட்டேன். என் வாழ்க்கையில் சோம்பேறித்தனத்தால் நடந்த ஒரே நல்ல காரியம் அது.

இத்துப்போனது என்று எழுதினாய். மூன்று விரல் அகலம், முதுகில் ஒரு கைப்பிடி, எண்ணெய் போட்டு மெழுகு மாதிரி இருந்தது. நான் கையில் எடுத்ததும் கரியா எழுந்து வந்து தானாகவே தலையை உள்ளே நுழைத்தது. கொக்கியைப் போட்டேன். அந்த நொடியிலிருந்து அது வேறு நாய். தொண்டைச் சத்தம் நின்றது. வாய் மூடியது. என் இடது காலுக்குப் பக்கத்தில் ஒட்டி நின்று எதிரே பார்த்தது. இரண்டு மாதமாக நான் பழகிய நாய் அங்கே இல்லை. மெஷினில் சுவிட்ச் போட்டால் இப்படித்தான் மாறும்.

படியில் இறங்கும்போது தண்ணீர் கேன் போடும் அப்பாதுரை அண்ணன் காலி கேனைத் தோளில் வைத்துக்கொண்டு எதிரே வந்தார். பயத்தில் நான் கைப்பிடியை இறுக்கினேன். அது முன்னால் சாய்ந்தது. படி வழுக்கி என் கை விட்டுப்போனது. அவ்வளவுதான். பாய்ந்தது. அப்பாதுரை அண்ணன் புத்திசாலி, கேனை அதன் மேல் எறிந்துவிட்டு சுவரோடு ஒட்டிக்கொண்டார். கரியா கேனைக் கவ்வியது. ஒரே பிடி. உதறவில்லை, மாற்றிக் கடிக்கவில்லை, சத்தம் இல்லை. பிடித்தபடி நின்றது. நான் நில் என்றேன், பா என்றேன், கூத்கோ என்றேன், கெட்ட வார்த்தையும் சொன்னேன். காதே அசையவில்லை.

அப்போது கீழே இருந்து காந்தா அக்கா ஒரே ஒரு வார்த்தை சொன்னாங்க. "அவுட்."

வாயைத் திறந்தது. திரும்பி வந்து என் இடது காலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது.

"அக்கா, இந்த வார்த்தை உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன்.

"உங்கண்ணன் சொன்னாருல்லப்பா, அன்னிக்கு. சத்தம் கேட்டு நான் மேல ஓடி வந்தேன். அவரு அந்தச் சுவத்துல சாஞ்சுக்கிட்டு நின்னாரு. அப்புறம் அவுட்னாரு. அது டக்குனு விட்டுடுச்சு."

"உடனே சொன்னாரா?"

அக்கா ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாங்க. "அத ஏம்ப்பா என்னக் கேக்குற. போலீஸு கேக்கல, நானும் சொல்லல. ஒரே பில்டிங்ல இருக்கணுமே."

டாக்டரிடம் போகவில்லை. கேனில் நான்கு ஓட்டை. மேல் பல் இரண்டுக்கும் நடுவே நாற்பத்தாறு மில்லிமீட்டர், வெர்னியரில் அளந்தேன். நீ எழுதிய பட்டியலில் கூத்கோ இருந்தது, மல்கோ இருந்தது, பா இருந்தது, தின்னு இருந்தது. இந்த வார்த்தை இல்லை. இந்த நாயை எனக்குப் பழக்கிக் கொடுக்க நினைப்பவன் முதலில் எழுத வேண்டிய வார்த்தை அதுதான்.

ஒரே கேள்வி. ஜனவரி ஐந்தாம் தேதி கரியாவுக்குப் பட்டை கட்டியிருந்ததா?

நரேஷ்

பரப்பன அக்ரஹாரம்
8.4.2025

நரேஷ்,

கடுதாசியில் என்ன எழுதலாம், என்ன எழுதக் கூடாது என்று முன்பே சொன்னேன். நீ படித்தவன், உனக்குப் புரியவில்லையா, புரிந்துதான் எழுதினாயா?

அன்றைக்கு அந்த வார்த்தையை நூறு தடவை சொன்னேன். அது விடவில்லை. கடைசியில் விட்டது. கிறுக்குப் பிடித்த நாய் அப்படித்தான். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த பொம்பளை எதைக் கண்டாள்? பட்டையைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. நாயைக் கட்ட ஆயிரம் பட்டை இருக்கும்.

அன்று காலையில் நானும் நீயும் போனில் பேசினோம். நீ என்ன சொன்னாய் என்று நானும் எழுதட்டுமா? இங்கே எல்லாம் படிப்பார்கள், ஞாபகம் வைத்துக்கொள். உன் கம்பெனியிலும் போலீஸ் வந்து கேட்டால் நன்றாக இருக்காது.

நான் மிரட்டவில்லை. நாம் ரெண்டு பேரும் ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள், அதைத்தான் சொல்கிறேன்.

அசோகன்

நீலசந்திரா
27.4.2025

அசோகனுக்கு,

நூறு தடவை சொன்னாய், விடவில்லை. சரி, அளந்து பார்த்தேன்.

அப்பாதுரை அண்ணனிடம் உடைந்த கேன்களை வாங்கி, மொட்டைமாடிக் கதவைப் பூட்டிக்கொண்டு, பட்டையைக் கட்டி, கைப்பிடியை இறுக்கிப் பிடித்து, பிறகு கையை விட்டேன். எட்டுத் தடவை. எட்டுத் தடவையும் ஒரே பிடி. எட்டுத் தடவையும் 'அவுட்' என்று ஒரு முறைதான் சொன்னேன். போனில் படம் பிடித்து நேரம் பார்த்தேன், ஒரு நொடிக்குள் வாய் திறந்துவிட்டது. பட்டை இல்லாமலும் செய்து பார்த்தேன். கேனை முகர்ந்து பார்த்துவிட்டு, என் காலடியில் உருட்டிக்கொண்டு வந்து வாலை ஆட்டுகிறது. கிறுக்குப் பிடித்த நாய் என்றாய். எங்கள் கம்பெனியில் ஒரு மெஷினும் இவ்வளவு ஒழுங்கில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை ரக்ஷிதா வந்தாள். சர்டிஃபிகேட் எடுக்க. முன்னாலேயே சொல்லியிருந்தால் நாயைக் கட்டியிருப்பேன், சொல்லவில்லை. கதவைத் திறந்ததும் கரியா அவளைப் பார்த்தது. வயிற்றைத் தரையில் தேய்த்துக்கொண்டே போய் அவள் செருப்பின் மேல் தலையை வைத்தது. தரை ஈரமாகிவிட்டது, அதற்கு மூத்திரத்தை அடக்க முடியவில்லை. அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்புறம் குனிந்து அதன் தலையில் கை வைத்தாள்.

"உனக்குக் கோபம் இல்லையா?" என்று கேட்டேன்.

"இது மேல எதுக்குண்ணா கோபம்? நான் வேலை முடிஞ்சு உள்ள வரும்போதே பட்டை கட்டி நின்னுட்டிருந்துச்சு. வீட்டுக்குள்ள எதுக்குண்ணா பட்டைன்னு கேட்டேன். வெளிய கூட்டிட்டுப் போறேன்னாரு. போலீஸ் வர்றதுக்குள்ள அவுத்துட்டாரு. நான் சொன்னேன், தேடுனாங்க, கெடைக்கல."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ எப்பக் கேட்ட?"

அவள் சொல்வது சரி. நான் ஒரு தடவை போன் செய்தேன், 'வீட்டுக்கு வா, மானம் போகுது' என்றேன். இரண்டாவது தடவையிலிருந்து அவள் எடுக்கவில்லை.

நாகேஷுக்குக் கட்டை விரலும் பக்கத்து விரலும் மடங்குவதில்லையாம். கடித்ததால் அவ்வளவு இல்லை, நேரம் போனதால்தான் நரம்பு போச்சு என்று டாக்டர் சொன்னாராம். இப்போது கடையில் பட்டன் எடுத்துக் கொடுக்கிறான்.

நேரம் என்றதும் காந்தா அக்காவிடம் மறுபடி போனேன். இந்தத் தடவை சொன்னாங்க. சத்தம் கேட்டபோது அவங்க குக்கரில் முதல் விசில். ஓடி வந்து படியில் நின்று பார்த்தாங்க. கீழே இரண்டாவது விசில் கேட்டது. அதற்கு அப்புறம்தான் நீ வாயைத் திறந்தாய். அதே குக்கரில், அதே அளவு அரிசியைப் போடச் சொல்லி மூன்று நாள் அளந்தேன். முதல் விசிலுக்கும் இரண்டாவதற்கும் நடுவே எழுபத்தாறு நொடி, எழுபத்தொன்று, எழுபத்து நான்கு.

எழுபது நொடி சுவரில் சாய்ந்துகொண்டு எதற்குக் காத்திருந்தாய்?

நரேஷ்

பரப்பன அக்ரஹாரம்
6.5.2025

நரேஷ்,

மூன்று நாளாக எழுதிக் கிழித்து எழுதிக் கிழித்து இதை எழுதுகிறேன்.

நொடி அளக்கிறாய். அவளை ஏழு வயசிலிருந்து ஜடை பின்னிப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினேனே, அதை எந்தக் குக்கரை வைத்து அளப்பாய்? அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் நாயைப் பார்த்துக் கத்தினாள். சாமியைக் கூப்பிட்டாள். அவன் பேரைச் சொல்லிச் சொல்லிக் கத்தினாள். நான் அங்கேயேதான் நின்றேன், நாலடி தள்ளி. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அண்ணா என்று என்னைப் பார்த்துக் கூப்பிட்டிருந்தால் போதும்.

கூப்பிடவில்லை.

என்னை விடு. கரியாவை முடித்துவிடு. கேஸுக்காகச் சொல்லவில்லை இப்போது. அது இன்னொருத்தன் காலில் சாய்ந்துகொண்டு நிற்கிறது என்று நீ எழுதினாயே, அதைப் படித்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

அசோகன்

நீலசந்திரா
18.5.2025

அசோகனுக்கு,

உன் கடிதம் வந்த மறுநாள் ஸ்டேஷனுக்குப் போனேன். பட்டை, நான்கு ஓட்டை போட்ட கேன், மொட்டைமாடியில் எடுத்த எட்டு வீடியோ, உன் நான்கு கடிதங்கள், எல்லாவற்றையும் கொடுத்துவிட்டேன். காந்தா அக்காவும் வந்து சொன்னாங்க. வரும்போது அவங்க வீட்டுக்காரர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார், ஆனால் வண்டியில் கொண்டுவந்து விட்டவரும் அவர்தான். பத்து மாதம் பழகினால் இந்த பில்டிங்கில் எல்லாம் சரியாகிவிடும் என்கிறாங்க.

போனில் நான் சொன்னதை எழுதிவிடுவேன் என்று நீ பயம் காட்டினாய். உனக்கு அந்தச் சிரமம் வேண்டாம், அதையும் நானே எழுதிக் கொடுத்துவிட்டேன். இங்கேயும் எழுதுகிறேன். அன்று காலை ஒன்பது மணிக்கு நீ கூப்பிட்டாய். "பட்டைக்கு எண்ணெய் போட்டுட்டு இருக்கேன்டா. மத்தியானம் அவன் பொண்ணு கேட்டு வரானாம்" என்றாய். பட்டை என்றால் என்ன என்று நான் கேட்கவில்லை. எனக்கு ஷிஃப்ட் அவசரம். "நம்ம ஜனம் இல்லாதவன் இன்னொரு தடவை படி ஏறக் கூடாது, அந்த மாதிரி அனுப்பு" என்றேன். சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனேன். நாகேஷின் இரண்டு விரலில் எது உன்னால் போனது, எது என்னால் போனது என்று அளக்க என்னிடம் கருவி இல்லை. கம்பெனியில் சொல்லிவிட்டேன். வேலை இருக்குமா இல்லையா என்று அடுத்த வாரம் தெரியும்.

இதை ரக்ஷிதாவிடமும் சொன்னேன். அவள் எழுந்து போகும்போது, "இனிமே எனக்கு அண்ணன்னு யாரும் வேணாம்" என்றாள். நீ எதிர்பார்த்த அந்த வார்த்தை நம் இரண்டு பேருக்கும் இனி கிடைக்காது.

கரியாவுக்கு ஊசி போட மாட்டேன். டாக்டர் சாந்தகுமாரி எழுதிக் கொடுத்திருக்கிறார், மூர்க்கம் இல்லை, பழக்கிய நாய் என்று. அந்தத் தாளும் ஸ்டேஷனில் இருக்கிறது. கேஸ் முடிந்த பிறகு அதை என்ன செய்வது என்று கோர்ட் சொல்லும். என்னிடம் விடச் சொல்லிக் கேட்பேன். கொடுப்பார்களா என்று தெரியாது.

ஒன்றை மட்டும் உனக்குச் சொல்ல வேண்டும், மறைத்தால் நியாயமில்லை. வீட்டைப் பார்க்க வந்த போலீஸ்காரர்கள் பட்டையையும் காகிதப் பையில் கூடவே எடுத்து வந்திருந்தார்கள், எங்கே கிடந்தது என்று காட்டச் சொல்லி. திரும்பப் போகும்போது கரியா அந்தப் பைக்குப் பின்னாலேயே இறங்கிப் போனது. ஜீப்பின் பக்கத்தில் போய், தலையை நீட்டிக்கொண்டு அசையாமல் நின்றது. வேலைக்குக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்திருக்கும். அவர்கள் போய்விட்டார்கள். அது ஜீப் போன திசையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. என் காலில் சாய்கிறதே தவிர, மற்ற நேரமெல்லாம் இன்றுவரை கதவைத்தான் பார்க்கிறது. உனக்காகத்தான். அதற்கு மட்டும் நீ நல்லவன். 'பா' என்றேன். ஒரு தடவைதான் சொன்னேன். வந்தது.

இதையும் அந்தத் தமிழ் தெரிந்த வார்டர் படித்துவிட்டுத்தான் உன்னிடம் தருவார். படிக்கட்டும். அதற்காகத்தான் எதையும் சுற்றி வளைக்காமல் எழுதியிருக்கிறேன். நீ இனி எனக்கு எழுத வேண்டாம்.

விசாரணையில் என்னிடம் ஒரு கேள்வி கட்டாயம் வரும் என்று அரசு வக்கீல் சொன்னார். இந்த நாய் சொன்ன பேச்சைக் கேட்குமா?

கேட்கும் என்பேன். நம் வீட்டில் அது ஒன்றுதான் கேட்டது.

நரேஷ்